பெய்ட்காஸ்டர் ரீல்: என் கட்டவிரலுக்கு வந்த சோதனை

பெய்ட்காஸ்டர்ங்கற தூண்டில் ரீல் வாங்கி மொத நாள், மொத வீச்சு. லூர், அதான் மீன ஏமாத்தற போலி இரை, காலுக்கு எட்டடி முன்னாடி தொப்புன்னு விழுந்துச்சு. என்னடான்னு ரீல குனிஞ்சு பாத்தா தூண்டில் நரம்பு மொத்தமும் பொங்கி வெளிய வந்து நிக்குது, சேமியாவுக்கு தண்ணி பத்தாம போனா எப்டி கட்டியா நிக்கும், அப்டி. அத பிரிக்க முக்கா மணி நேரம் ஆச்சு, கடைசில பிரியவும் இல்ல, கத்திரிக்கோல் எடுத்து வெட்டிட்டேன். ரெண்டாவது வீச்சுலயும் அதே கததான். மூணாவதுல லூர் பிச்சிக்கிட்டு குளத்துக்கு நடுவுல போயிடுச்சு, எட்டு டாலர். அன்னிக்கு மொத்தம் மூணே வீச்சு, அப்புறம் வீட்டுக்கு வந்துட்டேன்.

நான் இருக்கறது டெக்சாஸ்ல, டல்லாஸுக்கு வடக்க ஃப்ரிஸ்கோ. இங்க அபார்ட்மென்ட் பின்னாடி, பார்க்குன்னு எங்க பாத்தாலும் சின்ன சின்ன குளம் வெட்டி வச்சிருப்பாங்க, பாதிக்கு மேல லார்ஜ்மவுத் பாஸ்னு ஒரு மீன் இருக்கும். பேருக்கேத்த மாதிரி வாய் கண்ணுக்கு பின்னாடி வரைக்கும் கிழிஞ்சி இருக்கும், தன் சைஸ்ல பாதி இருக்கற மீனக்கூட முழுங்கப் பாக்கும். வீட்ல "பாஸ் புடிக்கப் போறேன்"னு சொன்னா, "ஆபீஸ்ல இருக்கற பாஸ மொதல்ல புடிச்சு ஹைக் வாங்குங்க"ன்னு பதில் வரும், அது தனி.

சின்ன வயசுல வியாசர்பாடில இருந்தோம், லீவுல மாமா கூட புழல் ஏரிக்கு போவேன். மூங்கில் கொம்பு, தங்கூசி நரம்பு, மயில் இறகு தண்டுல தக்கை, முள்ளுல மண்புழு, கெடைக்கறது ஜிலேபி கெண்ட. ரீல்னு ஒண்ணு இருக்குன்னே தெரியாது. இங்க வந்து ரெண்டு வருஷம் ஸ்பின்னிங் ரீல் வச்சு ஓட்டினேன், அது யாருக்கும் அர மணி நேரத்துல வந்துடும். அப்புறம் ஏன் இந்த வம்புன்னா, பாஸ் நிக்கற எடம் அப்டி. புல்லு, முங்குன மரம், படகுத்துறைக்கு அடியில. அங்க கனமான லூர், தடிச்ச நரம்பு போட்டு, கடிச்ச உடனே புல்லோட சேத்து இழுக்கணும். ஸ்பின்னிங் ரீல்ல தடிச்ச நரம்பு போட்டா ஸ்பிரிங் மாதிரி சுருண்டு சுருண்டு குதிக்கும். அதான் மாறலாம்னு நெனச்சேன். யூடியூப்ல ஒருத்தர் ஒரு கையில காபிய வச்சிக்கிட்டு இன்னொரு கையில அலட்சியமா வீசுறாரு, நமக்கென்னன்னு வாங்கிட்டேன்.

ரெண்டு ரீலுக்கும் என்ன வித்தியாசம்னு புரிஞ்சாதான் மத்ததெல்லாம் புரியும். ஸ்பின்னிங் ரீல்ல நரம்பு சுத்தி இருக்கற ஸ்பூல் வீசும்போது அசையாது, நரம்பு மட்டும் அதோட வாய் வழியா வளையம் வளையமா கழண்டு போவும். பெய்ட்காஸ்டர்ல ஸ்பூலே சுத்தணும். காத்தாடி விட்டவங்களுக்கு ஒரே வார்த்தைல சொல்றதா இருந்தா, அது லொட்டாய், நூல் சுத்தி வைக்கற உருளை. காத்தாடி வேகமா இழுக்கும்போது லொட்டாய் கையில கிறுகிறுன்னு சுத்தும்ல, திடீர்னு காத்து நின்னு காத்தாடி தளர்ந்துச்சுன்னா லொட்டாய் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும், மாஞ்சா மொத்தமும் கால்கிட்ட கொட்டி சிக்காயிடும். இங்கயும் அதேதான், லூர் காத்துல போகப்போக வேகம் கொறையும், ஸ்பூலுக்கு அது தெரியாது, மொதல்ல வாங்குன வேகத்துலயே சுத்தும், வெளிய போக எடமில்லாத நரம்பு உள்ளயே பொங்கும். பேக்லாஷ்னு பேரு. இங்க குருவிக்கூடுன்னும் சொல்றாங்க, தூக்கணாங்குருவி கேட்டா கோச்சிக்கும், அது எவ்ளோ நேர்த்தியா கட்டும். இந்த வகை ரீல் இருநூறு வருஷத்துக்கு முன்னாடி கென்டக்கில ஜார்ஜ் ஸ்னைடர்னு ஒரு வாட்ச்காரர் பண்ணதுலேந்து வந்ததுன்னு சொல்லுவாங்க, பல்சக்கரம்லாம் பாத்தா வாட்ச்காரர் புத்திதான்னு தெரியும்.

வாங்கும்போதே ஒரு தப்பு பண்ணேன். ஆஃபர்ல கெடச்சுதுன்னு கைப்பிடி வலது பக்கம் இருக்கற ரீல் வாங்கிட்டேன். நான் வீசறதும் வலது கை, ஸ்பின்னிங் ரீல்ல சுத்தறது எடது கை. இதுல வீசிட்டு, ராட, அதான் தூண்டில் கொம்ப, எடது கைக்கு மாத்திட்டு, அப்புறம் வலது கையால சுத்தணும். பழைய ஆளுங்க நெறய பேர் இப்டித்தான் பழகியிருக்காங்க, அவங்களுக்கு அது பிரச்சன இல்ல. ஆனா லூர் தண்ணில விழுந்து கீழ எறங்கற அந்த ரெண்டு மூணு செகண்ட்லதான் பாதி கடி வரும், நான் அப்பதான் கை மாத்திக்கிட்டு இருப்பேன். ஆறு மாசம் கழிச்சு அத வித்துட்டு எடது கைப்பிடி வாங்கினேன். ஸ்பின்னிங்ல எந்த கையால சுத்துறீங்களோ அதே கை வாங்குங்க, ஆஃபர் பாக்காதீங்க. பெட்டில போட்டிருக்கற 6.3:1, 7.1:1, 8.1:1 எல்லாம் கைப்பிடி ஒரு சுத்துக்கு ஸ்பூல் எத்தன சுத்துங்கற கணக்கு, மொத ரீலுக்கு ஆறரை ஏழு கிட்ட ஏதோ ஒண்ணு போதும், அதுல மண்டைய ஒடச்சிக்க வேணாம். ஆனா ரொம்ப மலிவா இருக்கறது மட்டும் வேணாம், பிரேக் ஒழுங்கா இல்லாத ரீல்ல பழகினா தப்பு நம்ம மேலயா ரீல் மேலயான்னே தெரியாது.

திரும்ப அந்த குளத்துக்கே வரேன். ரெண்டாவது வாரம் அங்க ஒரு வெள்ளக்கார பெரியவர், எழுபது வயசு இருக்கும், மடக்கு சேர் போட்டு ஒக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் நாலாவது கூடு கட்டினதும் எழுந்து வந்து கைய நீட்டினாரு, ரீல குடுத்தேன். ஒரு வார்த்த பேசல, பக்கத்துல இருக்கற நாப, அதான் குமிழ, திருகினாரு, லூர தொங்க விட்டாரு, திரும்ப திருகினாரு, திரும்ப தொங்க விட்டாரு. அப்புறம்தான் வாய தொறந்தாரு: "பிரேக் எல்லாம் கார்ல இருக்கற சீட் பெல்ட் மாதிரி, காரை நிறுத்தறது கட்டவிரல்தான்." அத முழுசா புரிஞ்சிக்க எனக்கு நாலஞ்சு மாசம் ஆச்சு.

அவரு திருகினது ஸ்பூல் டென்ஷன் நாப், கைப்பிடி பக்கம் சின்னதா இருக்கும். ராட கொஞ்சம் மேல தூக்கி புடிச்சு, லூர் நுனில தொங்கும்போது தம்ப் பார (கட்டவிரலால அமுக்கினா ஸ்பூல் விடுபட்டு சுத்தும்) அமுக்கி விடணும். லூர் கல்லு மாதிரி விழக்கூடாது, மெதுவா எறங்கணும். தரைல பட்டதும் ஸ்பூல் அங்கயே நிக்கணும், ரெண்டு சுத்து மேல சுத்துச்சுன்னா இன்னும் கொஞ்சம் டைட் பண்ணணும். முக்கியமான விஷயம், லூர் மாத்தினா இதையும் மாத்தணும். அர அவுன்ஸுக்கு வச்ச செட்டிங்ல கால் அவுன்ஸ் போட்டு வீசிட்டு ரீல திட்டக்கூடாது (நான் திட்டியிருக்கேன்).

இன்னொரு பக்கம் இருக்கறது பிரேக். ரெண்டு வகை. ஒண்ணு காந்தம். அலுமினிய ஸ்பூல காந்தம் இழுக்காதே, எப்டி பிரேக் ஆவும்னு எனக்கும் சந்தேகம் வந்துச்சு. பழைய வீட்டு ஈ.பி. மீட்டர்ல ஒரு அலுமினிய தட்டு சுத்தும் ஞாபகம் இருக்கா, அதுக்கு பக்கத்துலயும் ஒரு காந்தம் இருக்கும், தட்டு கன்னாபின்னான்னு ஓடாம புடிச்சிக்கறதுக்கு. காந்தத்துக்கு பக்கத்துல உலோகம் சுத்தினா அதுக்குள்ளயே கரண்ட் சுழல் உண்டாகி சுத்தறத எதிர்க்கும், எவ்ளோ வேகமா சுத்துதோ அவ்ளோ எதிர்ப்பு. அதே டெக்னிக்தான், வெளிய ஒரு டயல், ஒண்ணுலேந்து பத்து வரைக்கும். இன்னொண்ணு சென்ட்ரிஃபியூகல், பக்கத்து மூடிய கழட்டினா உள்ள குட்டி குட்டி பிளாஸ்டிக் கட்டைங்க இருக்கும், திருவிழா குடராட்டினத்துல வேகம் ஏற ஏற தூரி வெளிய விரியுற மாதிரி விரிஞ்சு போய் வளையத்துல ஒரசும். எத்தன கட்டை ஆன் பண்ணுறமோ அவ்ளோ பிரேக், ஆன் பண்ணும்போது எதிரெதிரா இருக்கறத ஆன் பண்ணணும், இல்லன்னா ஸ்பூல் ஆடும். கத்துக்கும்போது எது இருந்தாலும் முக்கால்வாசிக்கு மேல வச்சிடுங்க. தூரம் போகாது, போகட்டும். பாஸ் பாதி நேரம் கரையிலேந்து பத்தடிலதான் நிக்கும், நாம அத தாண்டி அம்பது அடி வீசிட்டு மீனே இல்லன்னு சொல்லிக்கிட்டு இருப்போம்.

எனக்கு பெரிய தெளிவு வந்தது எப்பன்னா, எல்லா சிக்கும் ஒண்ணு இல்லன்னு தெரிஞ்சப்ப. வீச ஆரம்பிக்கற நிமிஷத்துல வர்றது ஒரு ரகம், கீழ் அடுக்கு வரைக்கும் புடிச்சு இறுகிக்கும், சில சமயம் நரம்பு அறுந்து லூர் மட்டும் பறக்கும், என் எட்டு டாலர் போனது இதுலதான். காரணம் வெடுக்குன்னு வீசறது. ஸ்பின்னிங்ல மணிக்கட்ட சொடுக்கி வீசிப் பழகின கை அதே சொடுக்க இங்கயும் போடும், ஸ்பூல் ஒரே அடில வேகம் புடிச்சிடும், லூர் அதுக்கு ஈடு குடுக்க முடியாது. இதுக்கு மருந்து, ராட நல்லா பின்னாடி கொண்டு போய், லூரோட கனத்துல ராடு வளையறத கையில உணர்ந்து, அப்டியே ஒரே சீரா முன்னாடி கொண்டு வர்றது, ஊஞ்சல தள்ற மாதிரி. ரெண்டாவது ரகம் நடுவழில வர்றது, எதிர்காத்து அடிச்சா லூர் சட்டுன்னு தளரும், இதுக்குதான் பிரேக் டயல ஏத்தணும், தாழ வீசணும். இங்க மார்ச் ஏப்ரல்ல தெக்கு காத்து பேயாட்டம் அடிக்கும், மொத மாசம் காத்துக்கு முதுக காட்டி மட்டும் வீசுங்க, வீராப்பு வேணாம். மூணாவது ரகம் கடைசில வர்றது, லூர் தண்ணில விழுந்துடுச்சு, நாம வேடிக்க பாத்துக்கிட்டு இருக்கோம், ஸ்பூல் இன்னும் சுத்துது, மேலாக்க பத்து பன்னெண்டு வளையம் லூஸா பூத்து நிக்கும். இது முழுக்க முழுக்க கட்டவிரல் தப்பு, எந்த ரீல் வாங்கினாலும் போகாது. அதனால சிக்கு விழுந்தா உடனே பிரிக்காம ஒரு செகண்ட் பாருங்க, எந்த எடத்துல விழுந்துச்சுன்னு, எத சரி பண்ணணும்னு அதுவே சொல்லிடும். நான் இத தெரியாம எல்லாத்துக்கும் டென்ஷன் நாபையே இறுக்கி இறுக்கி கடைசில லூர் பதினஞ்சு அடி தாண்டல.

பிரிக்கறதுக்கும் ஒரு வழி இருக்கு, அந்த பெரியவர்தான் காட்டினாரு. வெளிய தெரியுற வளையத்த புடிச்சு இழுக்கக்கூடாது, இழுத்தா முடிச்சாயிடும். கட்டவிரலால ஸ்பூல நல்லா அழுத்திக்கிட்டு கைப்பிடிய ரெண்டு மூணு சுத்து சுத்தணும், உள்ள மடிஞ்சி கெடக்கறது கொஞ்சம் நேராகும், அப்புறம் தம்ப் பார அமுக்கிட்டு நரம்ப மெதுவா இழுக்கணும், நின்னா திரும்ப அதே. பத்துல ஏழு சிக்கு இதுலயே வந்துடும். மிச்சத்துக்கு ஒரு ஊக்கு, இல்ல பல்லு குத்துற குச்சி வச்சி எடுக்கலாம். வெட்டித்தான் ஆகணும்னா வெட்டுங்க, ஆனா வெட்டின நரம்ப கரையில போடாதீங்க, கொக்கு கால்ல சுத்தி, ஆமை கழுத்துல சுத்தி பாத்திருக்கேன். இங்க ஏரி படகுத்துறைல பழைய நரம்பு போட பைப் மாதிரி ஒண்ணு நட்டு வச்சிருப்பாங்க, அதுல போட்டுடலாம்.

நரம்பு விஷயத்துல எனக்கு நடந்த பெரிய கொடும ஒண்ணு சொல்றேன். கடைல ஃப்ளோரோகார்பன்னு ஒரு வகை நரம்பு நல்லது, தண்ணில தெரியாதுன்னு வெல கூட குடுத்து வாங்கிச் சுத்தினேன். சிக்கு விழுந்து பிரிச்சா அதுல வெள்ளையா மடிப்பு விழுந்திருக்கும், நானும் அப்டியே ஓட்டினேன். மே மாசம் ஒரு நாள் சாயங்காலம், குளத்தோட வடிகால் பக்கம், நல்ல மீன், தண்ணிக்கு மேல வந்து வாய தொறந்து தலைய ஒரு ஒதறு ஒதறுச்சு பாருங்க, அந்த மடிப்புலயே டப்புன்னு அறுந்துச்சு. நாலு கிலோ இருக்கும்னு வீட்ல சொன்னேன், ரெண்டு இருந்திருக்கலாம், அத விடுங்க. கத்துக்கற வரைக்கும் சாதா மோனோ, அதான் ஒத்த இழை நைலான் நரம்பு, 12 பவுண்டு இல்ல 15 பவுண்டு தாங்கறது, இருக்கறதுலயே மலிவானது. மெத்துன்னு இருக்கும், சிக்க மன்னிக்கும், வெட்டி எறிஞ்சா வயிறு எரியாது. ஸ்பூல் முழுக்க ரொப்பாதீங்க, பாதி, முக்கால் போதும், நரம்பு கம்மியா இருந்தா ஸ்பூல் கனமும் கம்மி, சிக்கும் சின்னதா விழும். பின்னல் நரம்பு, அதான் ப்ரெய்டு, அது புல்லுக்குள்ள போடும்போது அருமையா இருக்கும், ஆனா வெறும் ஸ்பூல்ல கட்டினா முடிச்சோட சேந்து வழுக்கி சுத்தும், அடியில கொஞ்சம் மோனோ சுத்திட்டுதான் அத சுத்தணும். நான் அடியில மோனோ போடல, மீன் இழுக்குது, நான் சுத்தறேன், கைப்பிடி சுத்துது, நரம்பு வரவே இல்ல. ட்ராக் (மீன் இழுத்தா நரம்ப விட்டுக் குடுக்கற பிரேக்) போச்சுன்னு நெனச்சு ரீலையே கழட்டிட்டேன்.

பயந்தவங்களுக்கு இன்னொரு தந்திரம் இருக்கு. ஒரு நல்ல வீச்சு வீசிட்டு, அதுக்கு மேல இன்னும் பத்து பதினஞ்சு அடி நரம்ப இழுத்துட்டு, ஸ்பூல் மேல ஒரு துண்டு எலக்ட்ரிக்கல் டேப் ஒட்டிட்டு அப்டியே திரும்ப சுத்திடுங்க. சிக்கு எவ்ளோ மோசமா விழுந்தாலும் டேப்புக்கு கீழ போகாது. பெரிய மீன் மாட்டி நரம்ப இழுத்துக்கிட்டு ஓடுச்சுன்னா டேப்பு தடுக்கும், அதனால பழகறதுக்கு மட்டும்.

இப்ப கட்டவிரலுக்கு வரேன். இத யாராலயும் வாயால சொல்லிக் குடுக்க முடியாது. வீசும்போது ஸ்பூல அழுத்திக்கிட்டு இருக்கற விரல முழுசா எடுக்கக்கூடாது, முழுசா வைக்கவும் கூடாது, பூ மேல கை வைக்கற மாதிரி ஒரசிக்கிட்டு இருக்கணும், நரம்பு பொங்க ஆரம்பிச்சா விரல்ல கிச்சுகிச்சு மூட்டற மாதிரி தெரியும், அப்ப லேசா அழுத்தணும், தண்ணில விழறதுக்கு ஒரு நொடி முன்னாடி நிறுத்திடணும். குளத்துக்கு போய் பழகினா மீன் ஆசைல இது வராது. எனக்கு வந்தது வீட்டு ஹால்ல. முள்ளு கழட்டின லூர் ஒண்ணு கட்டி, டிவி பக்கத்துல இட்லி குண்டான வச்சி, சோபாவுக்கு இந்தப் பக்கம் நின்னு அதுக்குள்ள போடறது. வீசறது இல்ல, எடது கையில லூர புடிச்சிக்கிட்டு ராட கீழேந்து மேல தூக்க லூர் தாழவே ஊசல் மாதிரி போய் விழும், பிட்சிங்னு சொல்லுவாங்க. நேரா விழுந்தா டொய்ங்குனு ஒரு சத்தம் வரும். தெனம் சாப்ட்டுட்டு இருவது நிமிஷம், ஒரு மாசம். "ஏங்க, கீழ் வீட்டுக்காரங்க கம்ப்ளைன்ட் குடுக்கப் போறாங்க"ன்னு சத்தம் வந்ததும் குண்டானுக்குள்ள ஒரு துண்டு போட்டேன். அந்த ஒரு மாசத்துல கத்துக்கிட்டது மூணு மாசம் குளத்துல கத்துக்கிட்டதவிட ஜாஸ்தி. அதுக்கப்புறம் பார்க் புல்லுல நின்னு முழு வீச்சு பழகினேன். பார்க்கிங் லாட்ல வேணாம், தார் ரோடு நரம்ப ராவிடும். நாய் கூட்டிட்டு வர்றவங்க எல்லாம் தண்ணியே இல்லாத எடத்துல மீன் புடிக்கறவன ஒரு மாதிரி பாப்பாங்க, கண்டுக்காதீங்க.

வலது கையால வீசும்போது, எடது கைப்பிடி ரீல்னா கைப்பிடி தரைய பாக்கற மாதிரி, வலது கைப்பிடி ரீல்னா வானத்த பாக்கற மாதிரி மணிக்கட்ட திருப்பி வச்சிக்கோங்க, இத எனக்கு ரொம்ப லேட்டா ஒருத்தர் சொன்னாரு. அப்டி வச்சா மணிக்கட்டு தாராளமா மடங்கும், கைப்பிடி பக்கவாட்டுல இருந்தா மணிக்கட்டு பூட்டிக்கும், தோள்லேந்து வீசுவோம், வெடுக்குன்னு வரும். ஒரே சின்ன மாத்தம், அன்னிக்கே சிக்கு பாதியா கொறஞ்சுது. அப்புறம் கண்ணுக்கு கண்ணாடி போடாம வீசாதீங்க, பின்னாடி ஆள் இருக்கான்னு பாக்காம வீசாதீங்க. நரம்பு அறுந்து பறந்த லூர் ஒரு தடவ பக்கத்துல நின்ன படகோட சீட்டுல போய் குத்தி நின்னுச்சு. அதுல ஆள் இல்ல. இருந்திருந்தா?

மொத லூரா எத போடலாம்னா, அர அவுன்ஸ் லிப்லெஸ் க்ராங்க்பெய்ட், அதாவது பதினாலு கிராம், தட்டையா மீன் மாதிரி, உள்ள குண்டு கலகலன்னு சத்தம் போடும். அளவுல சின்னது, கனம் ஜாஸ்தி, காத்த கிழிச்சிக்கிட்டு போவும். எடை கம்மியான லூருக்கு எல்லாம் நான் இன்னிக்கும் ஸ்பின்னிங்தான் எடுக்கறேன், அதுல எந்த வெக்கமும் இல்ல. ஏப்ரல்ல ரே ராபர்ட்ஸ் ஏரி ஸ்டேட் பார்க்குக்கு குடும்பத்தோட போயிருந்தோம் (டெக்சாஸ்ல ஸ்டேட் பார்க்குக்குள்ள கரையில நின்னு புடிக்க லைசென்ஸ் வேணாம், புதுசா வர்றவங்களுக்கு இது நல்ல வழி). முட்டை போடற சீசன், பாஸ் எல்லாம் ஆழம் விட்டு கரைக்கு வந்துடும். புல்லு மேல லூர இழுத்துக்கிட்டு வந்து, மாட்டுச்சு, சுண்டி எடுத்தேன், புல்லுலேந்து விடுபட்ட அந்த செகண்ட்ல தடார்னு ஒரு அடி. பெய்ட்காஸ்டர்ல வந்த மொத மீன், பதினேழு இன்ச். பையன் வீடியோ எடுத்தான், அதுல மீன் ரெண்டு செகண்ட், என் காலு நாப்பது செகண்ட். விட்டுட்டேன். பொதுவா இங்க 14 இன்ச்சுக்கு மேல இருந்தா எடுத்துட்டு போலாம், ஆனா ஏரிக்கு ஏரி ரூல் மாறும். லேக் ஃபோர்க்ல 16லேந்து 24 இன்ச் வரைக்கும் இருக்கறத கண்டிப்பா விட்டுடணும், அங்க பெரிய மீன் அவ்ளோ இருக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம். டெக்சாஸ் ரெக்கார்டு பாஸ் அந்த ஏரிலதான் 1992 ஜனவரில வந்துச்சு, 18.18 பவுண்டு, எட்டு கிலோவுக்கு மேல. இதுல கூத்து என்னன்னா அத புடிச்சவரு பாஸ் புடிக்கவே போகல, கிராப்பின்னு வேற மீனுக்காக முள்ளுல சின்ன உயிர் மீன கோத்து போட்டிருக்காரு. நம்ம புழல் ஏரி ஸ்டைல்தான் கிட்டத்தட்ட. நான் இங்க ரப்பர் புழுவுக்கு ஈயக்குண்டு கோத்து டெக்சாஸ் ரிக் கட்டிக்கிட்டு இருக்கேன், மாமா பாத்தா "உசுரு புழு கெடைக்கலயாடா அங்க"ன்னு கேப்பாரு.

ஊர்லயும் இப்ப விரால் புடிக்கற பசங்க ரப்பர் தவளை போட்டு பெய்ட்காஸ்டர்ல வீசுறாங்க, தாமரை இலைக்கும் புல்லுக்கும் நடுவுல விரால இழுக்க இதவிட நல்ல ரீல் இல்ல, சொன்னதெல்லாம் அங்கயும் அப்டியே பொருந்தும். தவளை லூர் கனமாத்தான் இருக்கும், ஆனா பம்முன்னு இருக்கறதால காத்து புடிக்கும், அதனால பிரேக் ஒரு புள்ளி கூட வச்சிக்கோங்க.

இப்ப நாலு வருஷம் ஆச்சு, சாதாரண வீச்சுல சிக்கு விழறது மாசத்துக்கு ஒண்ணோ ரெண்டோ. பிரேக் டயல் மூணுல நிக்குது. ஆனா இப்ப புதுசா ஸ்கிப்பிங் கத்துக்கறேன், ஓட்டாஞ்சில்ல தண்ணி மேல தத்தித் தத்தி விடுவோமே அந்த மாதிரி லூர தண்ணில தட்ட விட்டு படகுத்துறைக்கு அடியில உள்ள அனுப்பறது. ஒவ்வொரு தடவ தண்ணில தட்டும்போதும் லூர் வேகம் கொறையும், ஸ்பூலுக்கு தெரியாது, பழைய கததான். போன சனிக்கெழம மட்டும் ஆறு கூடு, அதுல ஒண்ண அம்பது அடி வெட்டித்தான் எடுத்தேன். பையன் பக்கத்துல ஒக்காந்து ஸ்பின்னிங் ராடுல மூணாவது மீன தூக்கிட்டு, "அப்பா, ஊக்கு வேணுமா?"ன்னு கேக்கறான். இந்த வாரத்துக்கு 17 பவுண்டு மோனோ சுத்தி வச்சிருக்கேன், பையில ஊக்கும் ரெண்டு.